பெஹ்ரூஸின் கதிரை

ஜனவரி 11, சனி

தமிழ்ப் பாடசாலையில் மிருதங்க வகுப்பு. இரண்டு பிள்ளைகள் வந்தார்கள். ஒருவனுக்குச் சளி. மற்றவனின் தாய் வாசலிலேயே நின்று, அடுத்த மாதத்திலிருந்து மகன் நீச்சலுக்குப் போகப்போவதாகச் சொன்னார். நல்லது. மாணவர்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று நானே யோசித்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தொலைபேசி அழைப்பு. உர்சினா என்று ஒரு பெண். காம்பா என்ற பழைய ஐரோப்பிய வாத்தியத்தைக் காலிடுக்கில் நிறுத்தி வில்லால் வாசிப்பவராம். கோடையில் நகரப் பூங்காவில் நான் கஞ்சிரா வாசித்ததைப் பார்த்திருக்கிறார். அவர்களுடைய குழு பாரசீக இசையையும், நானூறு ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய ஐரோப்பிய இசையையும் சேர்த்து வாசிக்கிறது. தாளக்காரர் பெஹ்ரூஸ் திடீரென்று விட்டுப் போய்விட்டார். மார்ச் நடுவில் தேவாலயத்தில் கச்சேரி. வானொலியில் நேரடி ஒலிபரப்பு. வர முடியுமா?

நாட்காட்டியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.

மனைவி யசோ வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டாள். “பாரசீக மேளம் உங்களுக்கு வாசிக்கத் தெரியுமே?”

“தாளம் எல்லா ஊரிலயும் தாளம்தான்.”

“அப்ப நீங்கள் ட்ராமை விட்டிட்டு ரயில் ஓட்டலாமே. தண்டவாளம் எல்லா இடத்திலயும் தண்டவாளம்தானே.”

சுவிஸின் பாசல் நகரத்தில் இத்தனை வருடம் ட்ராம் ஓட்டுகிறேன். எந்தப் பயணியும் என்னிடம் இப்படிக் கதைத்ததில்லை.

ஜனவரி 13, திங்கள்

முதல் ஒத்திகை. குழுத் தலைவர் மத்தியாஸ், வெள்ளைத் தாடி, அழகான கைகள். அவர் வாசிப்பது லூட்: வயிறு பெருத்து, கழுத்து பின்னுக்கு மடிந்த நரம்பு வாத்தியம். பாடகி பரஸ்தூ, சிராஸ் நகரத்துப் பெண், முப்பது வயதிருக்கும். நான் வணக்கம் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை, நான் இருந்த கதிரையைப் பார்த்தாள்.

ஒன்று எழுதி வைக்க வேண்டும். அங்கே எல்லோரும் ஜெர்மன் மொழியில்தான் பேசுகிறார்கள். நான் அதை எங்கள் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன். மத்தியாஸை யாழ்ப்பாணத் தமிழ் கதைக்க வைப்பதில் எனக்கு ஒரு திருப்தி.

“நான் வாசிக்கிறது மிருதங்கம், கஞ்சிரா. உங்கட டாஃப் எனக்குப் பழக்கமில்லை” என்று நேர்மையாகச் சொன்னேன்.

“தோல் தோல்தானே” என்றார் மத்தியாஸ். “உங்கட ரத்தத்தில கிழக்கு ஓடுது. அது காணும்.”

டாஃப் என்பது கஞ்சிராவின் பெரியப்பா. சுளகு அளவு வட்டம், உள்ளே இரும்பு வளையங்கள். தூக்கிப் பிடித்தால் பத்து நிமிடத்தில் இடது தோள் கேள்வி கேட்கிறது.

புறப்படுமுன் உர்சினா ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார். இந்த நாட்டில் நாலு பேர் கூடினால் அது சங்கம். சங்கமென்றால் யாப்பு என்று ஒரு விதிப்புத்தகம், தலைவர், வருடாந்தக் கூட்டம். வாசிப்பவர் உறுப்பினராக இருக்க வேண்டுமாம். இதில் எனக்குப் புதுமை ஒன்றும் இல்லை. இரண்டு கோயில் நிர்வாக சபைகளும் ஒரு பழைய மாணவர் சங்கமும் உடைந்ததைக் கிட்ட நின்று பார்த்தவன் நான்.

ஜனவரி 14

வளையச் சத்தம் யசோவுக்குத் தலையிடி. குளியலறையில் சாதகம்.

ஜனவரி 25, சனி

பெஹ்ரூஸின் பழைய ஒலிப்பதிவுகளைத் தந்திருக்கிறார்கள். “இப்பிடியே வாசிச்சால் காணும்” என்றார் மத்தியாஸ். கேட்டேன். மனிதன் வாசிக்கவில்லை, பேசுகிறான். இதை “இப்படியே” வாசிப்பது, பக்கத்து வீட்டுக்காரரின் சிரிப்பை அப்படியே சிரித்துக் காட்டுவது மாதிரி.

இன்று ஒரு சின்னச் சிக்கல். நடுவில் பரஸ்தூ ஒரு பாட்டை ஓட்டமில்லாமல் இழுத்துப் பாடுகிறாள். எங்கள் விருத்தம் போலத்தான்: தாளம் கிடையாது, சொல் போன வழியில் குரல் போகும். மேளக்காரன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டிய இடம். ஒலிப்பதிவில் பெஹ்ரூஸும் அங்கே மௌனம். ஆனால் மத்தியாஸ் அதற்கு அடியில் ஒரு பழைய இத்தாலிய நடன மெட்டைத் திரும்பத் திரும்ப லூட்டில் வாசிக்கிறார். மேலே என் டாஃபும் வேண்டுமாம்.

“ஒட்டகங்கள் நடந்து போற மாதிரி” என்றார்.

வாசித்தேன். ஒட்டகங்கள் நடந்தன. பரஸ்தூ தாளத்துக்குள் ஓடிவந்து ஓடிவந்து பாடினாள், பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி. முடிந்ததும் தண்ணீர் குடிக்கப் போனாள்; வெகுநேரம் குடித்தாள்.

எனக்கு அது பிழை என்று தெரியும். புதிதாக வந்தவன் முதல் மாதமே குறை சொல்வது பண்பல்ல.

பெப்ரவரி 2, ஞாயிறு

கோயில் மண்டபத்தில் ஒரு பிள்ளையின் நடன அரங்கேற்றம். மிருதங்கத்துக்குச் சென்னையிலிருந்து ஒருவரை விமானத்தில் இறக்கியிருந்தார்கள். நான் மூன்றாம் வரிசை. பிள்ளையின் தகப்பன் என்னைக் கண்டு, “மயூரதன் அண்ணை, நல்ல காலம் வந்தியள். காரை மாத்தி விட ஆள் தேடினனான்” என்றார்.

மாற்றி விட்டேன். சென்னைக்காரர் சுமார்தான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

நிகழ்ச்சி நிரல் அச்சாகிவிட்டது. என் பெயர் ‘மயூர்’. பின்பாதி நீளமாக இருந்ததால் எடுத்துவிட்டார்களாம். கீழே மத்தியாஸின் வாக்கியம்: “மயூரின் விரல்களில் ஆயிரம் வருடப் பாலைவனத்தின் நினைவு.”

நான் பிறந்த ஊரில் எங்கே தோண்டினாலும் கிணறு. அதைச் சொல்ல வாயெடுத்தேன். மத்தியாஸ் என் தோளில் கை போட்டு, “இந்த வசனம் எழுத எனக்கு ரெண்டு நாள் எடுத்தது” என்றார். ரெண்டு நாள் உழைத்த மனிதரை எப்படி நோகடிப்பது?

பெஹ்ரூஸ் எங்கே என்று உர்சினாவிடம் கேட்டேன். “கனடா போயிட்டார் எண்டு மத்தியாஸ் சொன்னார்” என்றார். பரஸ்தூ கையுறையைத் தேடிக்கொண்டிருந்தாள். அது அவள் கையில் இருந்தது.

பெப்ரவரி 20, வியாழன்

கனடா என் ட்ராமில் ஏறியது.

கடைசித் தரிப்பிடத்தில் எனக்குச் சிறிது ஓய்வு. கதவைத் திறந்துவைத்து, பலகையில் விரலால் சாதகம் செய்துகொண்டிருந்தேன். முன்னிருக்கையில் தபால் பொதி பிரிக்கும் நிலையத்தின் மேற்சட்டையோடு ஒருவர். ஐம்பது வயது, களைத்த முகம். சிறிது நேரம் பார்த்திருந்துவிட்டுச் சொன்னார்:

“அது என்ர கை.”

“என்னது?”

“நீங்கள் தட்டுறது. அந்தத் திருப்பம் நான் என்ர மகள் பிறந்த கிழமை செய்தது. ஆர் உங்களுக்குப் பழக்கினது?”

நான் பெயரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பெஹ்ரூஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் வசதியாக இருந்திருக்கும். இந்தக் குழுவே அவரும் மத்தியாஸும் ஒரு ரயில் பயணத்தில் பேசித் தொடங்கியதாம். பெயர்கூட இவர் வைத்தது. பிறகு, ஒட்டகங்களுக்கு இவர் வாசிக்க மறுத்தார். அச்சில் தன் பெயரையும் ஸ்தாபகர் என்று போடச் சொன்னார். மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை என்று உறுப்புரிமை போய்விட்டது.

“ஏன் போகேல்லை?”

“கூட்டம் நடந்ததே எனக்குத் தெரியாது.”

எங்கள் கோயிலில் பொருளாளரை அனுப்பிய அதே முறை. உலகம் எவ்வளவு சின்னது என்று ஆச்சரியப்பட்டேன்.

“பரஸ்தூ எப்பிடி இருக்கிறா?” என்று கேட்டார். “போன் எடுக்கிறேல்லை. வெட்கப்படுறா போல. அவவில பிழையில்லை. அவவின்ர வதிவிட அனுமதி இந்தக் குழுவின்ர ஒப்பந்தத்திலதான் நிக்குது. கடிதத்தில கையெழுத்து வைக்கிறது தலைவர். வைகாசியில புதுப்பிக்க வேணும்.”

புறப்படும் நேரம் வந்தது. இரண்டு நிமிடம் பிந்திப் புறப்பட்டேன். காரணம் கேட்டதற்கு, கதவு இறுகிவிட்டது என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன்.

பெப்ரவரி 21

இதில் நான் தலையிடப்போவதில்லை. அது அவர்களுடைய வீட்டு விஷயம். யசோவிடம் சொன்னேன். “ஓம், நீங்கள் எப்பவும் அப்பிடித்தானே” என்றாள். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 1, சனி

ஒத்திகை இடைவேளை. மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள். பரஸ்தூவிடம், “பெஹ்ரூஸைக் கண்டனான்” என்றேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். “கோபமாய் இருக்கிறாரா?”

“இல்லை. நீங்கள் எப்பிடி எண்டு கேட்டவர்.”

“அதுதான் கஷ்டம்” என்றாள். பிறகு, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: “உங்களில எனக்குக் கோபம். அவரில கோபப்பட ஏலாது, மத்தியாஸில கோபப்படப் பயம். நீங்கள்தான் மிச்சம்.”

“பரவாயில்லை.”

“உங்களுக்குத் தெரியும், என்ன. அந்தப் பாட்டுக்குத் தாளம் இல்லையெண்டு. உங்கட கையில தெரியுது. மனசில்லாமல் அடிக்கிறீங்கள்.”

அந்த நேரம் மத்தியாஸ் உள்ளே வந்தார். பிறகு அந்தப் பாட்டையே எடுத்தோம். அவள் பாடப் பாட மத்தியாஸின் கண்கள் நிறைந்தன. அது நடிப்பில்லை. அந்த மனிதருக்கு இந்த இசை உண்மையாகவே பிடிக்கும். பிடித்ததை எல்லாம் தன் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும்தான்.

ஒட்டகங்கள் இன்று சற்று மெதுவாக நடந்தன.

மார்ச் 11, செவ்வாய்

பாசல் கார்னிவல். ஊர் முழுக்க முகமூடியும் மேளமும். என் வழித்தடம் மறிப்பு, எனவே விடுப்பு. இவ்வளவு பேர் மேளம் அடிக்கிறார்கள், ஒருவருக்கும் சம்பாவனை இல்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷம். விளங்கவில்லை.

சும்மா நடந்து போனவன் பெஹ்ரூஸின் வீட்டுப் பக்கம் போய்விட்டேன். அவர் இருக்கும் தெரு எனக்குத் தெரிந்திருந்தது தற்செயல். தேநீர் தந்தார். சனிக்கிழமை பின்னேரம் வேலையா என்று கேட்டேன். இல்லை என்றார்.

“அப்ப வெளியில எங்கயும் போகாதையுங்கோ. மழை பெய்யும் எண்டு சொல்லியிருக்கிறாங்கள்.”

“மழைக்கு நான் பயமில்லை.”

“நல்ல உடுப்பு ஒண்டை எடுத்து வையுங்கோ. கறுப்பு.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “மழைக்கோ?”

“ஓம்.”

திரும்பும்போது அவர் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கி வந்தேன். மரியாதைக்கு.

மார்ச் 15, சனி

காலையிலிருந்தே உடம்பு ஒரு மாதிரி. மதியம் குளிர் இருந்தது. யன்னல் திறந்திருந்ததாலும் இருக்கலாம். யசோ வெப்பமானியைத் தந்தாள். முப்பத்தாறு புள்ளி ஏழு. அந்த வெப்பமானி பழையது.

கச்சேரிக்குக் கொஞ்ச நேரம் இருக்கையில் உர்சினாவுக்குச் செய்தி அனுப்பினேன்: “கடும் காய்ச்சல். எழும்ப ஏலாது. பெஹ்ரூஸ் கனடாவில் இல்லை. இதுதான் அவர் இலக்கம். வீட்டில்தான் நிற்கிறார்.”

உடனே மத்தியாஸின் அழைப்பு. எடுக்கவில்லை; தொண்டை. மறுபடியும் மறுபடியும் அடித்தது. யசோ எடுத்து, “அவருக்குக் கதைக்க ஏலாது” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்தேன்.

வானொலியைப் போட்டாள். அறிவிப்பாளர் அச்சில் இருந்ததை அப்படியே வாசித்தார்: “டாஃப், மயூர்.” மத்தியாஸ் ஆள் மாறியதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிறகு டாஃப் தொடங்கியது. யசோவுக்குச் சங்கீதம் பெரிதாகத் தெரியாது. “இது நீங்களில்லை எண்டு எனக்கே விளங்குது” என்றாள்.

நடுவில் அந்தப் பாட்டு வந்தது. லூட்டில் இத்தாலிய நடனம் ஆரம்பித்தது. டாஃப் வரவில்லை. பெஹ்ரூஸ் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்க வேண்டும். பரஸ்தூவின் குரல் ஒரு தடவை நடனத்தோடு போனது, பிறகு நின்றது, பிறகு தன் வழியில் போனது. லூட் அவளைத் துரத்திப் பார்த்தது. கடைசியில் அதுவும் நின்றுவிட்டது. தேவாலயத்தில் அவள் குரல் மட்டும். யசோ கையில் பிடித்திருந்த கரண்டியை மேசையில் வைக்காமலே கேட்டாள்.

எல்லாம் முடிந்து, மறுபடி கூப்பிட்டுக் கைதட்டிய பிறகு, பரஸ்தூ ஒலிவாங்கியில் பேசினாள். “டாஃப் வாசிச்சவர் பெஹ்ரூஸ். இந்தக் குழுவைத் தொடங்கினதும் இவர்தான். இதைச் சொல்லாமல் நான் இவ்வளவு நாளும் பாடினனான்.”

அதோடு செய்திகளுக்குப் போய்விட்டார்கள்.

யசோ வானொலியை நிறுத்தினாள். “காய்ச்சல் எப்பிடி?” என்றாள்.

“குறையுது.”

சூடாக மிளகு ரசம் வைத்துத் தந்தாள். இந்த வருடத்தில் அவள் எனக்கு இவ்வளவு ருசியாக ஒன்றும் சமைக்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

பத்திரிகையில் விமர்சனம். விமர்சகர் கடைசிப் பாட்டோடு எழுந்து போயிருக்கிறார். பரஸ்தூ பேசியதைக் கேட்கவில்லை. எழுதியிருப்பது இது: “மாலையின் நாயகன் மயூர். அவர் வாசித்ததைவிட வாசிக்காமல் விட்டதே பெரிது. அந்த மௌனத்தை மேற்கில் எந்தக் கல்லூரியும் கற்றுத்தராது. அது பாலைவனத்தில் பிறந்தவனுக்கே கைவரும்.”

என் வாழ்க்கையில் கிடைத்த மிக நல்ல விமர்சனம். கட்டிலில் கிடந்து வாங்கியது.

டிப்போவில் கைகுலுக்கினார்கள். மாலையில் அந்த அரங்கேற்றத் தகப்பன் அழைத்தார். “அண்ணை, பேப்பரில உங்களைப் போட்டிருக்கு. எங்கட சின்னவளின்ர அரங்கேற்றம் புரட்டாசியில. நீங்கள்தான் வாசிக்க வேணும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நாட்காட்டி இப்போதும் வெள்ளைதான். ஆனாலும் யோசித்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

மத்தியாஸ் அழைத்தார். காய்ச்சலைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. “விமர்சனம் பார்த்தீங்களே? கோடையில ஹொலந்து, பெல்ஜியம். எல்லா விழாக்காரரும் உங்களைத்தான் கேக்கினம். பெஹ்ரூஸ் ஒரு நாள் உதவிக்கு வந்தவர், நன்றி சொல்லியிட்டன். பரஸ்தூவைப் பற்றித்தான் யோசிக்கிறன். மேடையில நம்பிக்கை முக்கியம். அவவின்ர ஒப்பந்தத்தை ஒருக்கால் திரும்பப் பார்க்க வேணும்.”

“வாசிச்சது நானில்லை” என்றேன்.

“அது உங்களுக்கும் எனக்கும் தெரியும்.”

“பேப்பருக்கும் தெரியும். இண்டைக்கு விடிய எழுதிப் போட்டன். அரங்கேற்றக்காரருக்கும் சொல்லிப்போட்டன்.”

நீண்ட மௌனம். பாலைவனத்தில் பிறக்காதவருக்கு நன்றாகவே வந்தது.

“வருடாந்தக் கூட்டம் எப்ப?” என்று கேட்டேன்.

மார்ச் 22, சனி

பத்திரிகையில் ஒற்றை வரித் திருத்தம். பெஹ்ரூஸின் பெயரில் எழுத்துப்பிழை. என் பெயரை முழுசாக, சரியாகப் போட்டிருந்தார்கள்: “மயூரதன் அன்று சுகவீனமுற்றிருந்தார்.” அரங்கேற்றத் தகப்பன் மறுபடி அழைக்கவில்லை.

மார்ச் 29, சனி

வருடாந்தக் கூட்டம், உர்சினாவின் வீட்டுக் குசினியில், பின்னேரம். மேசையில் ஆப்பிள் கேக். உறுப்பினர் நாலு பேர். கூடவே, உர்சினா விருந்தாளி என்று அழைத்த பெஹ்ரூஸ், கறுப்பு உடுப்போடு. மழை இல்லை.

மத்தியாஸ் தலைவர் உரை வாசித்தார். உர்சினா அவரை முடிக்க விட்டுவிட்டு, “பெஹ்ரூஸைத் திரும்ப உறுப்பினராய், ஸ்தாபகர் எண்ட பேரோட சேர்க்கிறது. வாக்கெடுப்பு” என்றார். முகம் சிவந்திருந்தது. கனடாக் கதையை நம்பியதற்கு அவருக்குத் தன் மேலேயே கோபம்.

“யாப்புப்படி முன்னறிவித்தல் வேணும்” என்றார் மத்தியாஸ்.

“எல்லா உறுப்பினரும் வந்திருந்தால் தேவையில்லை. ஒன்பதாம் பிரிவு” என்றேன். யாப்பை நான் சும்மா பொழுதுபோக்காகத்தான் படித்திருந்தேன்.

உர்சினா கை தூக்கினார். பரஸ்தூ மேசையையே பார்த்தாள். அவளது விரல் கேக் துண்டின் ஓரத்தை உதிர்த்துக்கொண்டிருந்தது. மத்தியாஸ் அவளைப் பார்த்தார், அன்பாகத்தான் பார்த்தார். அவள் கை மேலே வரவில்லை. வராதென்று எனக்குத் தெரிந்தது. ஒரு ஆள் போதாது. இரண்டு வேண்டும், பிறகுதான் மூன்றாவது வரும்.

நான் கை தூக்கினேன். அது நன்றாக நடுங்கியது. காய்ச்சல் முழுசாக விடவில்லை.

பரஸ்தூ என் கையைப் பார்த்தாள். பிறகு தன் கையை உயர்த்தினாள், கேக் தூளோடு.

அடுத்தது தலைவர் தெரிவு: உர்சினா. அதே மூன்று கை, கூடவே பெஹ்ரூஸின் கை. பரஸ்தூவின் வதிவிட அனுமதிக் கடிதத்துக்குப் புதுத் தலைவர் அங்கேயே அந்த மேசையிலேயே கையெழுத்து வைத்தார். மத்தியாஸ் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கேக்கில் இன்னொரு துண்டு எடுத்தார்.

“நானும் கனநாளாய் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தனான்” என்றார். “கூட்டக் குறிப்பில நான் முன்மொழிஞ்சது எண்டு எழுதுங்கோ.”

பெஹ்ரூஸ் சிரித்துவிட்டு, எழுதச் சொன்னார். அப்படியே எழுதினார்கள்.

பிறகுதான் ஒருவரும் யோசிக்காத விஷயம். தாளத்துக்கு ஒரு கதிரைதான். இப்போது ஆள் இரண்டு. எல்லோரும் தேநீரைக் கலக்கினார்கள். பெஹ்ரூஸ் என் பக்கம் திரும்பினார்.

“நீங்கள் நல்ல மனிசன். உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டன். டாஃப் மட்டும் வாசியாதையுங்கோ.”

பரஸ்தூ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் சிரிப்பு வந்தது.

என்னைக் கௌரவ உறுப்பினர் ஆக்குவதாக உர்சினா முன்மொழிந்தார். மேடைக்கு வரத் தேவையில்லை, வாக்கும் கிடையாது. எல்லோரும் கை தூக்கினார்கள். மத்தியாஸின் கைதான் முதலில் எழும்பியது. இத்தனை வாரத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

யசோவுக்குச் செய்தி அனுப்பினேன். “வாக்கெடுப்பில் வெண்டாச்சு. என்னை வெளியில விட்டாச்சு.”

பதில் வந்தது. “நல்லது. வரேக்க பால் வாங்கி வாங்கோ. கடை ஆறு மணிக்குப் பூட்டும்.”

கோட்டைப் போட்டேன். அதற்குள் பெஹ்ரூஸ் டாஃபை எடுத்து மடியில் சாய்த்திருந்தார். உர்சினா காம்பாவுக்குச் சுருதி பார்த்தார். மத்தியாஸ் லூட்டைக் கையில் எடுத்து, வாசிக்காமல், எப்போது வரலாம் என்பதுபோல் பெஹ்ரூஸைப் பார்த்தார். பெஹ்ரூஸ் பொறுங்கள் என்று தலையசைத்தார். பரஸ்தூ கண்ணை மூடித் தொடங்கினாள்.

கோட்டோடு அப்படியே இருந்துவிட்டேன். ஐந்தரை ஆனது. பிறகு முக்கால். எழும்ப வேண்டும் என்று தெரியும். பால் வீட்டில் ஒரு துளி இல்லை. அவள் இன்னும் பாடிக்கொண்டிருந்தாள்.

கடை பூட்டிவிட்டது.